பசியின் மேல் பழி வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு,

இத்தனை காலம் மறைத்து வைத்திருந்த உணவுக் கோளாறைப் பற்றி நீ தொலைபேசியில் சொன்னபோது, "எனக்கு மனஉறுதி இல்லை அம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட எனக்கு அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. அதற்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறேன்.

உன் மருத்துவர் சொன்ன புலிமியா நெர்வோசா என்ற பெயரை, 1979ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் தம் ஆய்வுக் கட்டுரையில் அறிமுகப்படுத்தினார். குறைந்த நேரத்தில் அளவுக்கு மிஞ்சி உண்பதும், உண்ணும்போது நிறுத்தவே முடியாது என்ற உணர்வு ஆட்கொள்வதும், பிறகு எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை விழுங்குவது, பட்டினி கிடப்பது, ஓயாமல் உடற்பயிற்சி செய்வது என்று அதை ஈடுகட்ட முயல்வதும், சராசரியாக வாரம் ஒரு முறையாவது மூன்று மாதங்களுக்கு நீடித்தால் இன்றைய மருத்துவம் அதை இந்த நோய் என்று கணிக்கிறது. எடையையும் உடலின் வடிவத்தையும் வைத்தே தன் மதிப்பை அளந்துகொள்ளும் மனநிலை இதன் அடியில் இருக்கிறது. பலருக்கு எடை இயல்பாகவே இருப்பதால், அருகில் வாழ்பவர்களுக்குக்கூட எதுவும் தெரிவதில்லை. இது பெண்களுக்கு மட்டுமே வருவது என்று யாரேனும் சொன்னால் நம்பாதே. ஆண்கள் வெளியில் சொல்லத் தயங்குகிறார்கள், அவ்வளவுதான்.

இனி மனஉறுதிக்கு வருகிறேன். 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் ஏறத்தாழ ஆறு மாதங்கள் அரைவயிற்று உணவில் வைக்கப்பட்டார்கள். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, இந்தச் சோதனைக்குத் தாமாக முன்வந்த அவர்களை உறுதியற்றவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் அவர்களுடைய நினைவு முழுவதும் உணவைச் சுற்றியே வந்தது; மீண்டும் தாராளமாக உண்ண அனுமதித்தபோது, சிலர் வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்காமல் உண்டார்கள். அதைப் படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். பகலெல்லாம் உண்ணாமல் உடலை அடக்கிவைக்கிறாய்; இரவில் அது தனக்குரியதைக் கேட்கிறது. பிறகு வாந்தி, வெட்கம், மறுநாள் இன்னும் கடுமையான பட்டினி. உண்டது முழுவதும் வாந்தியில் வெளியேறுவதில்லை, பேதி மாத்திரையால் போவதும் பெரும்பாலும் நீர்தான். எனினும் ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணமே அடுத்த முறைக்கு வழிவிடுகிறது.

ஆகவே இரவில் இன்னும் இறுக்கமாக இருப்பதால் இது தீராது. பகலில் உண்பதில்தான் சிகிச்சை தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் இந்த நோய்க்கென உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் சிகிச்சையில், மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டிகளும், நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் உண்பதே முதல் படிகளில் ஒன்று. வழக்கமாக இருபது வாரங்களில் இருபது அமர்வுகள் நடைபெறும். ஃப்ளூஆக்செடின் என்ற மருந்தும் சிலருக்கு உதவுகிறது. அது தேவையா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

எனக்குப் பெரிய அச்சம் உன் இதயத்தைப் பற்றியது. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். பார்ப்பதற்கு நலமாக இருப்பவருக்கும் இது நேரும். ஆகையால் ரத்தப் பரிசோதனையையும் இசிஜியையும் இந்த வாரமே செய்துகொள். நெஞ்சு படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தாலோ, எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போ. போகும் வழியிலேயே என்னை அழை. பல் மருத்துவரிடமும் மறைக்காமல் சொல், ஏனென்றால் வயிற்று அமிலம் பல்லின் எனாமலை அரித்துவிடும். வாந்தி எடுத்தால் உடனே பல் துலக்காமல் தண்ணீரால் வாயைக் கொப்பளி.

முதல் அமர்வுக்கு நான் உடன் வர வேண்டும் என்று நினைத்தால் தயங்காமல் சொல், வெளியே அமர்ந்திருக்கிறேன். உள்ளே என்ன பேசினாய் என்று கேட்கமாட்டேன், உன் எடையையும் ஒருபோதும் கேட்கமாட்டேன். வேளைக்கு உண்டாயா என்று மட்டும் கேட்பேன். உண்ணவில்லை என்றால் அதையும் என்னிடம் அப்படியே சொல்.

அன்புடன்,
அம்மா