மூட்டைக்குள் இருந்து வந்த பூச்சிக்குக் கொடுங்கையூரைக் குற்றம் சொல்லாதீர்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். ஜனவரி 18ஆம் தேதி உங்களிடம் 5 கிலோ மண் கலவை மூட்டை மூன்று வாங்கினேன், ஒன்று 349 ரூபாய். அதோடு வந்த பூச்சியால் நான் நட்ட அத்திக் குச்சிகளில் பாதிக்கு மேல் போய்விட்டது. பில்லையும் படங்களையும் இணைத்திருக்கிறேன். இரண்டு முறை போனில் பேசி, ஒரு முறை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, கடைசியில் எனக்குக் கிடைத்தது 50 ரூபாய் கூப்பன். அதுவும் இதே மண் கலவையை இன்னொரு தடவை வாங்கினால்தான் செல்லுமாம். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

புனேயில் வேலை பார்க்கும் எங்கள் மாமா பொங்கலுக்கு வந்தபோது புரந்தர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 14 அத்திக் குச்சிகளை ஈர நியூஸ்பேப்பரில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தார். நம் ஊரில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கிற நாட்டு அத்தி இல்லை. காயவைத்து, மாலை மாதிரி கோத்து கடையில் தொங்கவிடுகிறார்களே, அந்தச் சீமை அத்தி. புரந்தர் அத்திக்குப் புவிசார் குறியீடே உண்டு. மொட்டை மாடியில் கத்திரி, வெண்டை எல்லாம் வீட்டு மண்ணிலேயே வைத்துக்கொண்டிருந்தவள், இதற்காகத்தான் காசு கொடுத்து நல்ல கலவையாக வாங்கலாம் என்று உங்களிடம் வந்தேன். மூட்டையின் மேலே கொட்டை எழுத்தில் "கிருமி நீக்கப்பட்டது, அப்படியே நடலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். நானும் அப்படியே நட்டேன், இரண்டு மூட்டைக் கலவையில் 14 கவர்.

பத்து நாளில் மொட்டு விரிந்து குட்டிக் குட்டி இலை வந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அத்திக் குச்சி வேர் விடுவதற்கு முன்பே உள்ளே இருக்கிற சத்தை வைத்து இலை விட்டுவிடும், அந்த இலையை நம்பக் கூடாது என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியாது. அடுத்த வாரம் கவரைத் தொட்டாலே சின்னச் சின்னதாகக் கறுப்புப் பூச்சி எழும்பியது. கொசு மாதிரி நீளக் கால், ஆனால் கடிக்கவில்லை. சரியாகப் பறக்கக்கூடத் தெரியாமல் மண் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் இலைகள் தொங்க ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், ஏனென்றால் உங்கள் மூட்டைப் பின்பக்கம் "தினமும் நீர் ஊற்றவும்" என்றுதான் இருக்கிறது. ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தால் புதிதாக விட்டிருந்த வேர் பழுப்பாகக் குழைந்து, நுனியே காணோம். 14இல் 9 போய்விட்டது.

இது ஃபங்கஸ் நாட். காளான் வளர்ப்பவர்களைக் கேட்டால் சியாரிட் ஈ என்பார்கள், அவர்களுக்கும் இது பெரிய தலைவலி. பறக்கிறதே, அந்தப் பூச்சியால் செடிக்கு நேரடியாகப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அது ஈர மண்ணில் நூற்றுக்கும் மேல் முட்டை வைக்கும், அதிலிருந்து வருகிற புழுதான் வேலையைக் காட்டுவது. மண்ணில் இருக்கும் பூஞ்சையையும் மக்கியும் மக்காததுமான இலைதழையையும் தின்னும், அப்புறம் இளசாக வேர் கிடைத்தால் அதையும் விடாது. வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும். இரண்டு அங்குலத்துக்கு நாலு வேர் விட்டிருக்கிற குச்சி என்ன செய்யும்? சந்தேகம் வேண்டாம் என்று உருளைக்கிழங்கை வில்லையாக வெட்டி மூன்று கவரில் மண் மேல் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் அடியில் கண்ணாடி மாதிரி வெள்ளைப் புழு, தலை மட்டும் கறுப்பு, ஒரு வில்லையில் மட்டும் 11 எண்ணினேன். படம் எண் 3, பாருங்கள்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது உங்கள் ஊழியர் பின்கோடு கேட்டார். சொன்னேன். உடனே, "மேடம், உங்க ஏரியா குப்பைமேட்டுப் பக்கம்தானே, அங்க ஈ வரத்தான் செய்யும்" என்றார். எனக்கு 9 குச்சி போனதைவிட இதுதான் ஆத்திரம்.

ஆமாம், வடசென்னைக் கொடுங்கையூர்தான். நூற்றுக்கணக்கான ஏக்கரில் குப்பை கொட்டி வைத்திருக்கிறார்கள், அது நாங்கள் மட்டும் போட்ட குப்பையும் இல்லை. புகை வரும், நாற்றம் வரும், ஈயும் வரும். அந்த ஈ சோற்றில் உட்காரும், மூக்கில் உட்காரும், அதை எங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். குண்டு உடம்பும் சிவப்புக் கண்ணும் வைத்துக்கொண்டு ரீங்காரம் போடுகிற வீட்டு ஈயையும், உங்கள் மூட்டையில் வந்த கொசுக்கால் பூச்சியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களா நாங்கள்? அண்ணா நகர் மாதிரி வசதியான ஏரியா பின்கோடு சொல்லியிருந்தால் என்ன காரணம் சொல்லியிருப்பீர்கள்?

சரி, வாயால் சண்டை போட்டுப் பயனில்லை என்று ஒரு சோதனை செய்தேன். மூன்றாவது மூட்டை தனி அட்டைப்பெட்டியில் வந்தது, தேவைப்படாததால் கூரியர் டேப்கூடப் பிரிக்காமல் பீரோ மேல் இருந்தது. மூட்டையில் காற்றுக்காகக் குத்திய ஓட்டைகள் இருக்கின்றன, எங்கள் வீட்டில் வைத்துப் பூச்சி நுழைந்திருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால்தான் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில் அதைப் பிரித்தேன், உள்ளே கலவை ஈரமாகவே இருந்தது. இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதிப் பாதி போட்டேன். ஒன்றில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டேன், இன்னொன்றில் ஆறவைத்த தண்ணீர். இரண்டின் வாயையும் பழைய மெல்லிய புடவைத் துணியை நாலாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஒரே ஜன்னலில் வைத்தேன். 9ஆம் நாள் ஆறின தண்ணீர் பாட்டிலில் இரண்டு பூச்சி, 14ஆம் நாள் எண்ண முடியவில்லை. கொதிநீர் ஊற்றியதில் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. இரண்டும் ஒரே மூட்டை, ஒரே வீடு, ஒரே கொடுங்கையூர்.

ஆக, முட்டையோ புழுவோ உங்களிடமிருந்தே வந்திருக்கிறது. கலவையை நெருங்கிப் பார்த்தால் பாதி மக்கிய இலை நரம்பு நரம்பாகத் தெரிகிறது. அதை ஈரத்தோடு அள்ளி, சூடுபடுத்தாமல் மூட்டை கட்டினால் பூச்சிக்கு அது வளர்ப்புப் பண்ணைதான். இருக்கிற வெயிலுக்கு பிளாஸ்டிக் ஷீட் மூடிச் சில வாரம் காயப் போட்டிருந்தாலே பெரும்பகுதி போயிருக்கும்.

மிச்சம் 5 குச்சியை நானே காப்பாற்றிக்கொண்டேன், உங்கள் ஊழியர் சொன்ன மாதிரி வேப்பெண்ணெயைத் தினமும் மேலே அடித்து இல்லை. வேரை அலசி, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) பருமணலும் கலந்து மாற்றினேன். மேலே ஒரு விரற்கடை காய்ந்த மணல். தண்ணீர் மேலே ஊற்றுவதே இல்லை, தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விட்டு, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். மேல் மண் காய்ந்தால்தான் அடுத்த தண்ணீர். பறக்கிறதைப் பிடிக்க மஞ்சள் ஒட்டு அட்டை, மண்ணில் இருக்கிற புழுவுக்குக் கொசுப்புழுவைக் கொல்கிற பிடிஐ பாக்டீரியா மருந்தைத் தண்ணீரில் கலந்து வாரம் ஒரு முறை. முட்டையிலிருந்து பூச்சியாவதற்கு மூன்று நாலு வாரம் ஆகும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்த முடியாது. அட்டைக்கும் மருந்துக்கும் மட்டும் 420 ரூபாய் செலவு, பில் இருக்கிறது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். மூன்று மூட்டைக்கான 1,047 ரூபாயும் இந்த 420 ரூபாயும் திரும்ப வர வேண்டும். போன குச்சிக்கு நீங்கள் என்ன விலை போட முடியும், அதை நான் கேட்கவில்லை. "கிருமி நீக்கப்பட்டது" என்பதை ஒன்று உண்மையாக்குங்கள், இல்லை எடுத்துவிடுங்கள். "தினமும் நீர் ஊற்றவும்" என்பதை மாற்றுங்கள், என்னை மாதிரி அதைப் படித்துச் செய்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள். பின்கோடு பார்த்துப் பதில் சொல்ல வேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் படித்திருப்பார்.

15 நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமே இல்லை. இரண்டு பாட்டிலும் இன்னும் ஜன்னலில்தான் இருக்கின்றன, யாரையாவது அனுப்பினால் நேரில் பார்த்துக்கொள்ளலாம். மாலை 4 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

கூப்பனை ரத்து செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கொடுங்கையூர் வாடிக்கையாளர்