ஆறடி தள்ளி வைத்த கோல்

கிர்க்கின்டில்லாக், ஸ்காட்லாந்து
14 மார்ச் 2021

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முட்டியில் அடிபட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவன் பதில் எழுத நேரமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். சோம்பல்தான். அம்மாவுக்கு முதல் கொரோனா ஊசி போட்டாயிற்று என்று படித்ததும் பெரிய நிம்மதி. கை வலிக்கிறது என்று இரண்டு நாள் உன்னைத் திட்டினாராமே, அப்படியானால் நன்றாகத்தான் இருக்கிறார்.

"அங்கே மலைக்குப் போகிறாயா, இல்லை மலைக்கும் பூட்டு போட்டுவிட்டார்களா?" என்று கேட்டிருந்தாய். போகிறேன், பூட்டும் இருக்கிறது. ஜனவரி 5-ஆம் தேதியிலிருந்து இங்கே மறுபடியும் ஊரடங்கு. உடற்பயிற்சிக்கு வெளியே வரலாம். ஆனால் நம் கவுன்சில் எல்லை (நம்மூர் உள்ளாட்சி மாதிரி), அதற்கு வெளியே மிஞ்சிப்போனால் ஐந்து மைல், அவ்வளவுதான். எனக்கு அதிர்ஷ்டம், எல்லைக்குள்ளேயே கேம்ப்சி மலைகள் இருக்கின்றன. பழைய ரயில் பாதையை நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். அதில் சைக்கிள் மிதித்தால் லெனாக்ஸ்டவுன், அங்கிருந்து ஏற வேண்டியதுதான். உயரம் 500 மீட்டரும் கொஞ்சமும். நீ கொடைக்கானலில் பால் வாங்கப் போகிற உயரத்தில் நாலில் ஒரு பங்குகூட வராது, சிரிக்காதே. மேலே நின்றால் பென் லோமண்ட் சிகரம் பனித்தொப்பியோடு தெரியும். 974 மீட்டர். அது அடுத்த கவுன்சிலில் இருக்கிறது. பார்க்கலாம், போக முடியாது.

முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. திறந்தவெளி, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, பக்கத்தில் ஆடுகளைத் தவிர ஒரு ஜீவன் கிடையாது. அங்கே யாருக்கு யார் தொற்ற வைக்கப் போகிறார்கள்? போன வருஷம் மார்ச் கடைசியில் வேல்ஸில் நடந்ததைக் கேள். ஊரடங்கு அறிவிப்பதற்கு முந்தைய சனி, ஞாயிறு. ஸ்னோடன் மலைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்தவரை இப்படியொரு கூட்டம் வந்ததே இல்லை என்று அந்தத் தேசியப் பூங்காக்காரர்களே சொன்னார்கள். ஆபீஸ் மூடிவிட்டார்கள், வா மலைக்குப் போகலாம் என்று ஊரே ஒரே யோசனை செய்தால் திருவிழாக் கூட்டம்தானே? இங்கே வடக்கே ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதிப் பக்கம் கேம்பர் வேன்களில் படுக்கை, சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள், நோய்க்குப் பயந்து ஓடுகிறேன் என்று. அந்த ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஃபோர்ட் வில்லியத்தில் இருப்பது சின்ன ஆஸ்பத்திரி. பெரிய சிகிச்சை என்றால் இன்வர்னெஸுக்கோ கிளாஸ்கோவுக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இருக்கிற நாலு கட்டிலில் வந்தவன் படுத்துக்கொண்டால் ஊர்க்காரன் எங்கே போவான்?

சரி, என் முட்டிக் கதைக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் இங்கே பயங்கரக் குளிர். பிரேமார் என்கிற ஊரில் 11-ஆம் தேதி மைனஸ் 23 டிகிரி. எங்கள் ஊர்க் கால்வாய் உறைந்து, பையன்கள் அதன்மேல் நடந்து திரிந்தார்கள். அந்த வாரக் கடைசியில் நான் தனியாகக் கேம்ப்சிக்குப் போனேன். வீட்டில் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "சின்ன மலைதானே, நூறு தடவை போயிருக்கிறேன்" என்று கிளம்பினேன். இறங்கும்போது, பனிக்கு அடியில் உறைந்து கண்ணாடி மாதிரி கிடந்த ஓடையில் கால் வைத்துவிட்டேன். இடது கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முட்டிக்குள் ஏதோ புரண்ட மாதிரி ஒரு சத்தம். என் கைத்தடி வழுக்கிக்கொண்டு பள்ளத்தில் போய்விட்டது.

உட்கார்ந்தேன். கையில் போன். இங்கே மலையில் ஆபத்து என்றால் 999 அடித்துப் போலீஸைக் கேட்க வேண்டும், அவர்கள் மீட்புக் குழுவை அனுப்புவார்கள். எங்கள் பகுதிக்கு லோமண்ட் குழு. ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், செய்தி வந்தால் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். நமக்குப் பம்பையில் டோலி தூக்குகிறவர்கள் ஞாபகம் இருக்கிறதல்லவா, நாலு பேர் மூச்சிரைக்க ஏறுவார்களே. இங்கே பாதையே இல்லாத சரிவில் ஸ்ட்ரெச்சரை இறக்க ஒரே நேரத்தில் ஆறேழு பேர் பிடிக்க வேண்டும், மாற்று ஆட்கள் வேறு. தோளோடு தோள். எனக்குத் தொற்று இருந்து எனக்கே தெரியாமலிருந்தால்? ஒரு முட்டிக்காக ஒரு டஜன் பேர் பத்து நாள் வீட்டில் அடைந்து கிடப்பார்கள். அவர்களில் யாராவது ஒரு நர்ஸாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்றும் மனசில் ஓடியது. அதற்கு முந்தைய வாரம்தான் இங்கிலாந்தில், ஏரி மாவட்டத்துக் கிர்க்ஸ்டோன் கணவாய்ப் பக்கம் அது நடந்தது. விதியை மீறி வெளியூரிலிருந்து வந்து கூடாரம் போட்ட இரண்டு பேர். நள்ளிரவுக்கு மேல் ஒருவருக்கு நெஞ்சுவலி. உதவிக்குப் போன தன்னார்வலர் இருட்டில் 150 மீட்டர் சரிந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. கூடாரக்காரர்களுக்கு ஆளுக்கு 200 பவுண்டு அபராதம். அந்த அபராதத் தொகையைப் படித்தபோது வந்த கசப்பு இன்னும் போகவில்லை. நான் விதியை மீறவில்லை, என் எல்லைக்குள்தான் இருந்தேன். ஆனால் உறைபனி நாளில் தனியாகப் போனதற்கு எந்த விதி பொறுப்பு?

அதற்காகக் கூப்பிடாமல் செத்துப்போ என்று சொல்லவில்லை. தேவை என்றால் தயங்காமல் கூப்பிடு என்றுதான் மீட்புக் குழுக்களும் சொல்கின்றன. வீறாப்பாக உட்கார்ந்திருந்து இருட்டியபின் கூப்பிட்டால் இன்னும் அதிகம் பேர், இன்னும் அதிக ஆபத்து. அதனால் எனக்கு நானே ஒரு கெடு வைத்தேன். மூன்று மணிக்குள் வேலி வரை இறங்க முடியவில்லை என்றால் கூப்பிட்டுவிடுவது.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு வயதான தம்பதி இறங்கி வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா ஓடி வந்து, ஆறடி தூரத்தில் சட்டென்று நின்றுவிட்டார். கை என் பக்கம் நீண்டு, பாதியிலேயே திரும்பிப் போனது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எலும்பு முறிவா, தலை சுற்றுகிறதா, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு தன் கைத்தடிகள் இரண்டையும் பனியில் படுக்க வைத்துவிட்டு, நாலடி பின்னால் போய் நின்றுகொண்டு, "எடுத்துக்கொள்" என்றார். நான் தவழ்ந்து போய் எடுத்தேன். அவருடைய வீட்டுக்காரர் எனக்கு முன்னால் நடந்து, காலை உதைத்து உதைத்துப் பனியில் படி வெட்டிக்கொண்டே போனார். பாதி நடை, பாதி புட்டத்தால் சறுக்கல். முக்கால் மணி நேரத்து இறக்கம் இரண்டரை மணி நேரம் ஆனது. அவர்களும் அவ்வளவு நேரமும் கூடவே, அதே ஆறடி தள்ளி. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கம்பிக் கேட்டில் தடிகளைச் சாய்த்து வைத்தேன். அவர் சானிடைசரால் துடைத்து எடுத்துக்கொண்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. சைக்கிளை அங்கேயே பூட்டிவிட்டு, மகளைக் காரோடு வரச் சொல்லி வீடு வந்து சேர்ந்தேன். வீட்டில் கிடைத்த அர்ச்சனையை எழுதப் பக்கம் போதாது.

சவ்வு கிழியவில்லை, வெறும் சுளுக்கு என்றார் டாக்டர், அதுவும் போனிலேயே. போன ஞாயிறு மறுபடி மெதுவாக அடிவாரம் வரை போய்வந்தேன். ஒற்றையடிப் பாதையில் எதிரே ஆள் வந்தால் யார் ஒதுங்குவது என்பதே இங்கே இப்போது ஒரு பரதநாட்டியம். எல்லாரும் மரியாதைக்காரர்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் சேற்றில் இறங்கி நிற்கிறோம், பாதை காலியாகக் கிடக்கிறது. இப்படி ஒதுங்கி ஒதுங்கியே பாதை இரண்டு மடங்கு அகலமாகிவிட்டது, புல்லெல்லாம் சேறு. ஒரு விவசாயி, கேட்டை ஆளாளுக்குத் தொட வேண்டாமென்று கயிற்றால் திறந்தபடியே கட்டி வைத்திருந்தார். இனி குட்டி போடுகிற காலம், ஆடுகளை உள்ளே விட்டதும் மூடிவிடுவார்.

நீ எழுதியிருந்ததை மறுபடி படித்தேன். இ-பாஸ் இல்லாமல் மேலே வரக்கூடாது என்றபோது உன் விடுதி காலியாகக் கிடந்தது, வந்தபோது மாஸ்க் போடாமல் ஏரியைச் சுற்றினார்கள், இரண்டுக்கும் அழுதேன் என்றாய். போன வருஷம் ஜூலையில் ஐந்து மைல் தடையை எடுத்ததும் லோக் லோமண்ட் ஏரிக்கரை ஊர்களும் அப்படித்தான் அழுதன. வியாபாரம் வேண்டும், ஆனால் வந்தவர்கள் கரையில் எரித்துவிட்டுப் போன கரியையும் விட்டுப்போன கூடாரங்களையும் பொறுக்கினவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். அதனால் ஏப்ரலில் தளர்த்துவார்கள் என்று பேச்சு அடிபட்டாலும், முதல் வாரமே பென் லோமண்டுக்கு ஓடுவதாக இல்லை. கூட்டம் கொஞ்சம் ஓயட்டும். சாப்பாடு வீட்டிலிருந்தா, அந்த ஊர்க் கடையிலா என்பதில்தான் குழப்பம். கடைக்காரன் இடத்தில் இருப்பவன் நீ, நீயே சொல்.

அம்மாவுக்கு இரண்டாம் ஊசி எப்போது? தேதி தெரிந்தால் எழுது. தங்கச்சியிடம் அந்த மலைப்பூண்டு ஊறுகாய்ப் பக்குவத்தையும் கேட்டு அனுப்பு. இங்கே ஒருத்தி, முட்டிக்கு அதைத் தடவலாமா என்று கேட்கிறாள். கிண்டல்தான்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்