கொசுவம் வைத்த அந்த வெள்ளை உடை

அன்புள்ள நண்பர் சண்முகம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அறுவை சிகிச்சை முடிந்து, கைத்தடி இல்லாமலே மாடிப்படி ஏறி இறங்குகிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே எல்லாரும் நலம். பேத்தி இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்திருக்கிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

ஏதென்ஸிலிருந்து நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, காவலுக்கு நிற்கும் ஆண்பிள்ளைக்கு இந்த நாடக உடை எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். ஆயுள் முழுவதும் கத்தரி பிடித்தவர் நீங்கள் என்பதால் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன். அது நாடகத்துக்காகத் தைத்த உடை அன்று. ஃபுஸ்தனெல்லா என்ற, பாவாடை போன்ற அந்தக் கொசுவ உடையைத் தெற்கு அல்பேனியாவின் தோஸ்க் மக்களும், கிரேக்க நாட்டு ருமேலி, பெலொப்பொனீஸ் பகுதிகளின் மலைவாசிகளும், பிந்தஸ் மலைத்தொடரில் ஆடு மேய்த்த விலாக் இனத்தாரும் அன்றாடம் உடுத்தியிருக்கிறார்கள். செங்குத்தான பாறைகளில் ஏறுகிறவனுக்கு முழங்கால் தாராளமாக மடங்க வேண்டும். குளிருக்குக் கம்பளிக் காலுறை கீழே இருக்கிறது. மேலே இந்த வெள்ளைப் பருத்தி உடை விரிந்து கொடுக்கும்.

அதன் வெட்டைக் கேட்டால் நீங்கள் வியப்பீர்கள். நீளத் துணியை இடுப்பில் சுருக்கிக் கட்டியது என்றுதான் முதலில் பார்க்கிற எவரும் நினைப்பார்கள். உண்மையில், துணியைச் சாய்வாக வெட்டி, மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கும் முக்கோணத் துண்டுகளாக்கி, குடைத் துணியைப் போலப் பக்கம் பக்கமாக இணைத்துத் தைக்கிறார்கள். அதனால்தான் இடுப்பில் அத்தனை துணி சேர்ந்தும் பொதி கட்டியதுபோல் வீங்காமல், கீழே மட்டும் அலை அலையாக விரிகிறது. நாடாளுமன்றத்தின் முன்னுள்ள பெயரறியாப் போர்வீரர் நினைவிடத்தில் காவல் நிற்கும் எவ்சோன் எனப்படும் கிரேக்கப் படையினரின் உடைக்கு ஏறத்தாழ 30 மீட்டர் துணி செல்கிறது, கொசுவங்கள் 400. வார நாட்களில் அவர்கள் அணிவது வேறு உடை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விழா நாட்களிலும்தான் இதைப் பார்க்க முடியும். காவல் நிற்பவர் அசையக் கூடாது என்பதால், இன்னொரு வீரர் அருகே வந்து அவருடைய தொப்பிக் குஞ்சத்தை நேராக்கி, முகத்து வியர்வையைத் துடைத்து, கொசுவங்களை நீவிவிட்டுப் போகிறார். தைத்த உடை உடம்பில் எப்படி விழுகிறது என்பதில் அவ்வளவு அக்கறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த 400 கொசுவங்களும் ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சியில் கழிந்த நானூறு ஆண்டுகளைக் குறிப்பதாக அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். அது பின்னாளில் ஏற்றிய பொருள் என்றே நான் கருதுகிறேன். ஏனெனில், ஒட்டோமான் சுல்தானின் கீழ் யானினாவை ஆண்ட அலி பாஷாவின் அல்பேனியப் படையினரும் இதே உடையைத்தான் அணிந்தார்கள். 1809-இல் அவரைக் காணச் சென்ற ஆங்கிலக் கவிஞர் பைரன், நீண்ட வெள்ளைக் கொசுவ உடையோடு கூடிய அல்பேனியரின் உடுப்பே உலகில் மிக அழகானது என்று தம் தாய்க்கு எழுதியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1821-இல் விடுதலைப் போரில் இறங்கிய கிரேக்க மலை வீரர்கள் உடுத்தியதும் இதுதான். சுல்தானின் ஆளுக்கும் அவரை எதிர்த்தவனுக்கும் ஒரே உடை இருந்த காலத்தில், கொசுவத்தை எண்ணி அடிமை ஆண்டுகளைக் கணக்கிட்டிருப்பார்களா?

அரசு இதைக் கையில் எடுத்துக்கொண்டது அதன் பிறகுதான். 1833-இல் ஜெர்மானிய நாடான பவேரியாவிலிருந்து பதினேழு வயதில் கிரேக்க அரசராக வந்து இறங்கிய ஒத்தோ, குடிமக்கள் தம்மை அந்நியராக எண்ணக் கூடாதென்று இதை அணிந்தார். அரசவையிலும் இது மதிப்புப் பெற்றது. முழங்காலுக்குக் கீழே தொங்கிய உடை காலப்போக்கில் குட்டையாகி, இன்று காவல் வீரரின் தொடையளவில் நிற்கிறது. 1868-இல் எவ்சோன் படைப்பிரிவுகள் அமைந்தபோது இதுவே அவர்களின் சீருடை ஆயிற்று. ஊர்ப்புறத்து ஆண்களோ மெல்ல மெல்லக் கால்சட்டைக்கு மாறிவிட்டார்கள். இது யாருடையது என்று கிரேக்கரும் அல்பேனியரும் இன்றும் வாதிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒரே மலையில் ஒரே வெயிலிலும் பனியிலும் ஆடு மேய்த்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் தைத்துக்கொண்டதை இரண்டு கொடிகளுக்கு இடையே வைத்து இழுக்க வேண்டியதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சாய்வாக வெட்டிய ஓரம் எடை தாங்காமல் நாளடைவில் இழுத்துக்கொண்டு தொங்கும் என்று நீங்கள்தான் எனக்கு முன்பு சொன்னீர்கள். அப்படியிருக்க, இத்தனை சாய்வுத் துண்டுகளைச் சேர்த்தும் கீழ் விளிம்பு வட்டம் கோணாமல் நிற்பது எப்படி? ஒவ்வொரு துண்டிலும் நேர் இழை ஓரத்தை அடுத்த துண்டின் சாய்வு ஓரத்தோடு இணைத்திருப்பார்களோ என்று எண்ணுகிறேன். மிச்ச மல் துணி இருந்தால், சிறிய அளவில் நான்கு துண்டு வெட்டி இணைத்துப் பார்த்து எழுதுங்கள். அண்ணியாரிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்
இராமநாதன்