பாதுகாப்பு உத்தரவுக்குப் பல் வேண்டும்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதாக்களைப் பேரவை 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. வரவேற்கிறோம். ஆனால் வீட்டுக்குள் அடிபடும் பெண் முதலில் நாடுவது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை. அவளைத் துன்புறுத்தக் கூடாது என்று அதன்கீழ் நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவை மீறியவரைத் தண்டிக்க இருப்பது 31-ஆம் பிரிவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்தப் பிரிவில் பெரிய ஓட்டை இருக்கிறது. அது பேசுவது 18-ஆம் பிரிவின் பாதுகாப்பு உத்தரவையும் அதன் இடைக்கால வடிவத்தையும் மட்டுமே. அவள் வீட்டில் தொடர்ந்து வாழ வழிசெய்யும் 19-ஆம் பிரிவின் வசிப்பிட உத்தரவு அதில் சொல்லப்படவில்லை. வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்றம் சொன்ன வீட்டில் கணவர் பூட்டை மாற்றிவிட்டால், 31 பொருந்துமா பொருந்தாதா என்ற வாதத்திலேயே வாய்தாக்கள் ஓடிவிடும். அதுவரை அவளும் பிள்ளைகளும் எங்கே இருப்பது?

ஜீவனாம்ச பாக்கியை 31-இல் சேர்க்கும்படி நாங்கள் கேட்கவில்லை. சிறைக்குள் இருப்பவரிடம் வசூல் நடக்காது. சம்பளக்காரர் என்றால், முதலாளியே நேரடியாகப் பணத்தைக் கட்டும்படி அதே சட்டத்தின் 20(6)-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம். அதைத் தாராளமாகப் பயன்படுத்தினாலே போதும்.

அடுத்த சிக்கல் காவல் நிலைய வாசலில். உத்தரவின் நகலை நிலையப் பொறுப்பாளருக்கு இலவசமாக அனுப்ப வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. எத்தனை நாளில் என்று சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு அவன் கதவைத் தட்டும்போது அவள் கையில் இருப்பது மடித்து மடித்து மை அழிந்த ஒரு ஜெராக்ஸ். நிலையத்தில் "ஒரிஜினல் எங்கம்மா?" என்கிறார்கள், பிறகு "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்குங்க" என்று மனு ரசீதோடு அனுப்பிவிடுகிறார்கள். இத்தனைக்கும் 32-ஆம் பிரிவின்படி பாதுகாப்பு உத்தரவை மீறுவது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். அவளுடைய சாட்சியம் ஒன்றை வைத்தே நீதிமன்றம் தீர்மானிக்கலாம். மனு ரசீது போதாது, முதல் தகவல் அறிக்கைதான் பதிய வேண்டும்.

இந்தப் பொருள், ஒன்றிய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் வருவது. அரசமைப்பின் 254(2)-இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலத் திருத்தம் கொண்டுவரலாம். வசிப்பிட உத்தரவை மீறுவதையும் 31-இல் சேருங்கள். இரண்டாவது முறை மீறினால் குறைந்தபட்ச சிறைத் தண்டனை வையுங்கள். நகல் 24 மணி நேரத்துக்குள் நிலையத்தைச் சேர வேண்டும், அதன் ஒப்புகை வழக்குக் கட்டில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அபராதம் அவளுக்கே போகட்டும். வீட்டுப் பணம் அரசுக்குப் போய்விடுமே என்று புகார் கொடுக்கத் தயங்குகிறவர்கள் உண்டு.

உத்தரவுக்கு ஒரு படிவமும் வகுத்துத் தாருங்கள். "தொந்தரவு செய்யக் கூடாது" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தக் காவலரும் முடிவெடுக்க மாட்டார். போன், வாட்ஸ்அப், உறவினர் மூலம் தூது, வேலை செய்யும் இடம், பிள்ளைகளின் பள்ளி, எந்தக் காவல் நிலையத்தின் எல்லை என ஒவ்வொன்றும் அதில் பெயர் சொல்லி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குடும்ப வன்முறை வழக்குகளில் பணியாற்றும் வழக்கறிஞர்களும் ஆற்றுப்படுத்துநர்களும்