பொத்தானை அழுத்துவதற்கு முன் உழைத்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கும், சிகிச்சை அறையில் என்னைப் பார்த்துக்கொண்ட அனைவருக்கும் வணக்கம்.

கால்களில் காற்றுப் பட்டைகளைச் சுற்றி இறுக்கித் தளர்த்தி, இதயத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போகச் செய்யும் என்னுடைய ஈ.ஈ.சி.பி. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தினம் ஒரு மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், 7 வாரம், ஆக 35 மணி நேரம் என்ற வழக்கமான கணக்குதான். காய்கறிப் பையோடு நான்கு கடைக்கு ஒரு தடவை நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன், இப்போது திருச்சி காந்தி மார்க்கெட்டை நிற்காமல் சுற்றி வருகிறேன். பார்க்கிறவர்கள் மெஷினைப் புகழ்கிறார்கள். மெஷின் பொத்தானை அழுத்தினால் ஓடும். அதில் படுக்கத் தகுந்தவனாக என்னை ஆக்கியது நீங்கள். அதற்குத்தான் இந்த மடல்.

டாக்டர் ஐயா, என்னை உடனே படுக்க வைக்காததற்கு முதல் நன்றி. ஏற்கெனவே பைபாஸ் ஆன உடம்பு. ஸ்டென்ட் வைக்கவும் இனி வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறோர் இடத்தில், “பணம் கட்டுங்கள், நாளைக்கே ஆரம்பிக்கலாம், இது இயற்கை பைபாஸ்” என்றார்கள். காலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்களோ எக்கோ என்ற இதய ஸ்கேன், வயிற்று ஸ்கேன், காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் என்று எழுதியதோடு, ஒவ்வொன்றும் எதற்கு என்று தாளில் படம் போட்டுக் காட்டினீர்கள். இதயம் ஓய்ந்து விரியும் நேரத்தில் காற்றுப் பட்டைகள் கெண்டைக்காலில் தொடங்கித் தொடை, இடுப்பு என்று வரிசையாக இறுக்கி ரத்தத்தை மேலே தள்ளும். அடுத்த துடிப்புக்குச் சற்று முன் சட்டென்று தளர்ந்துவிடும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வால்வு அதிகமாகக் கசிந்தால் தள்ளிய ரத்தம் இதயத்துக்குள்ளேயே திரும்பும். காலில் ரத்தக்கட்டி இருந்தால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். வயிற்றுக்குள் மகாதமனி வீங்கியிருந்தால் இந்த அழுத்தத்தை அதன் தலையில் ஏற்றக் கூடாது. இவ்வளவும் தெரிந்த பிறகு, டெஸ்ட் செலவைப் பற்றி வீட்டில் யாரும் முணுமுணுக்கவில்லை.

அடைப்பு கரையும் என்றும் நீங்கள் ஆசை காட்டவில்லை. “வலி குறையும், நடக்க முடியும், அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்” என்றீர்கள். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வையும் சொன்னீர்கள். 139 பேரில் ஒரு பகுதியினருக்கு முழு அழுத்தம், மற்றவர்களுக்குப் பெயருக்குக் கொஞ்சம் அழுத்தம். முழு அழுத்தம் பெற்றவர்களுக்கு நெஞ்சுவலி குறைந்தது. ஆனால் கால்வலி, தோல் உராய்வு போன்ற தொல்லைகளும் அவர்களுக்கே அதிகம். பலனோடு தொல்லையையும் சேர்த்துச் சொல்லும் டாக்டரை நம்பிப் படுக்கலாம்.

அந்தத் தோல் தொல்லை என்னை அண்டாமல் பார்த்துக்கொண்டவர் சிகிச்சை அறைத் தங்கை. என் பேத்தி வயதுதான் இருக்கும், கண்டிப்பு மட்டும் மாமியார் அளவுக்கு. காலம் முழுவதும் வேட்டி கட்டியவனை இறுக்கமான டைட்ஸ் போட வைத்தார். போட்டால் மட்டும் போதாது. முழங்காலின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவி, ஒரு சுருக்கம் தட்டுப்பட்டாலும் இழுத்துச் சமன் செய்த பிறகுதான் பட்டையைச் சுற்றுவார். ஒரு மணி நேரத்தில் சில ஆயிரம் முறை இறுக்கித் தளரும் பட்டைக்கு அடியில் ஒரு மடிப்பு கிடந்தால் தோல் என்ன ஆகும் என்பதை, வேறிடத்தில் கொப்புளம் வந்து பாதியில் விட்டு வந்த ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். சாவி, சில்லறை, கைக்குட்டை எல்லாம் வெளியே. ஒரு நாள் திடீரென்று, “தாத்தா, அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறீர்களா?” என்று கேட்டார். வெள்ளிக்கயிறு சரியாக இடுப்புப் பட்டைக்கு அடியில் இருந்தது. இதைக் கேட்க வேண்டும் என்று எந்த ஊர்ப் புத்தகத்தில் போட்டிருக்கும்?

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் அவர்தான் தடை போட்டார். எண்ணெய்ப் பிசுக்கில் ஈ.சி.ஜி. ஒட்டுகள் நழுவினால் துடிப்பு சரியாகப் பதிவாகாது. இயந்திரம் நேரம் தவறி இறுக்கும். விரலில் மாட்டும் உணர்கருவிக்கும் அப்படித்தான், ஏசி குளிரில் கை சில்லிட்டால் அலை சரியாக வராது என்று என் கைக்குத் துண்டு போர்த்துவார்.

நர்ஸ் அம்மாவுக்குத் தனி வணக்கம். தினமும் ரத்த அழுத்தம், எடை, பிறகு இரண்டு காலையும் விரலிடுக்கு வரை பார்ப்பது. சர்க்கரைக்காரன் காலில் சிறு புண் இருந்தாலும் எனக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரிந்துவிடும். நீர் பிரியும் மாத்திரையைச் சிகிச்சைக்குப் பிறகு போடும்படி டாக்டரிடம் கேட்டு மாற்றிக் கொடுத்ததும் அவரே. இந்தச் சிகிச்சையே சிறுநீரைக் கூட்டும். மாத்திரையும் சேர்ந்தால் கிழவன் கதி என்ன? “பாத்ரூம் போய்வந்தாச்சா?” என்ற அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் கட்டிலில் ஏறியதில்லை.

முதல் சில நாள் அடித்துப் போட்டாற்போல் அசதியாக இருந்தது. அழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றாமல் படிப்படியாகக் கூட்டிய தம்பிக்கு நன்றி. பக்கத்துக் கட்டிலில் இருந்த பொன்மலை ரயில்வே நண்பர், “பஸ்ஸில் கடைசி சீட்டு மாதிரி இருக்கும், பழகிவிடும்” என்று தைரியம் சொன்னார். பழகிவிட்டது, தூக்கமே வந்தது.

வயிறு நிறைந்து படுக்கக் கூடாது, வெறும் வயிறும் ஆகாது என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு இட்லி தயாராக வைத்து, டைட்ஸைத் தினம் துவைத்துப் போட்ட என் மனைவிக்கு நன்றியை நேரிலேயே சொல்லிவிட்டேன். “இதையெல்லாம் எழுதாதீர்கள்” என்றாள். ஆட்டோக்காரத் தம்பி மழையிலும் தவறியதில்லை.

யார் பெயரையும் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டபடியே எழுதியிருக்கிறேன். பிரிக்காத டைட்ஸ் இரண்டு ஜோடி மிச்சம் இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன், வாங்க முடியாதவர்கள் யாருக்காவது கொடுங்கள்.

இப்படிக்கு,
கடைசிக் கட்டில் தாத்தா