ஷீட்டின் மறுமுனை

மக்களே,

சீரியலுக்கு வசனம் எழுதும் குழுவில் உன்னைச் சேர்த்த விஷயத்தை அம்மா குலசேகரம் சந்தை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். 15 வயதுப் பெண் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறாள், அப்பா என்ன பேசுவார் என்று போனில் கேட்டாய். ரப்பர் பால் வெட்டப் போகிற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். அதை எழுதிவிடாதே.

நம் சீரியல்களில் அப்பனுக்கு இரண்டே வேலை. ஒன்று, பிள்ளையை அறைய வேண்டும். இல்லையென்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்தே 2006-இல் 'கனா காணும் காலங்கள்' வந்தது. நீ டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே மாட்டாய், நினைவிருக்கிறதா?

எனக்கு உறுத்துவது அறையும் அழுகையும் மட்டுமல்ல. சீரியலில் நமக்கு எல்லாம் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. 'பாக்கியலட்சுமி'யில் புருஷன் கோபியின் ரகசிய உறவு நமக்குத் தெரிந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் பாக்கியாவுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியவந்தது. அதுவரை உன் பாட்டி டிவியைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை விஷயத்திலும் இதே கதைதான். மகள் யாரோடு போனாள் என்று நாம் பார்த்தாயிற்று, அப்பனுக்கு மட்டும் தெரியாது. அப்புறம் அவன் மடையனாகவோ ராட்சசனாகவோதான் தெரிவான்.

போன தடவை வந்தபோது நெட்ஃபிளிக்ஸில் 'அடலசன்ஸ்' போட்டுக் காட்டினாயே, 2025-இல் வந்தது. நாலே பகுதி, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட 13 வயதுப் பையனின் கதை. எனக்கு அந்தப் பையனைவிட, விசாரிக்கிற போலீஸ்காரர்தான் மனதில் நின்றார். இன்ஸ்டாகிராமில் கொலையான பெண் அந்தப் பையனுக்குப் போட்டிருந்த பொம்மைக் குறிகளை (எமோஜி) அவர் நட்பு என்று நினைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் சொந்த மகன் தனியே கூப்பிட்டு, அப்படியில்லை, அது கேலி என்று விளக்குகிறான். அவ்வளவு பெரிய உத்தியோகஸ்தருக்கே மகன் சொல்லித்தான் தெரிகிறது. அந்தக் கதையில் பார்க்கிறவனும் பெற்றவனைப் போல வாசலுக்கு வெளியேதான் நிற்கிறான்.

நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது, டியூஷன் நேரத்தில் உன்னைத் தக்கலை பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சாயாக்கடையில் ஒருவர் சொன்னார். வீட்டுக்கு வந்து நான் கத்தவில்லை. பேச்சை நிறுத்திவிட்டேன். "அவளுக்கு மரச்சீனி வேணுமான்னு கேளு" என்று நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது அம்மாவிடம் சொல்வேன். நீயும் அம்மாவிடமே பதில் சொல்வாய். அந்த நாட்களில் ஒரு ராத்திரி சீரியலில் ஒரு அப்பன் மகளை அறைந்தான். "நல்லா வேணும்" என்றாள் பாட்டி. நீ டிவியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பதினாறாம் நாள் காலையில் ஆசிட் விட்டு உறைய வைத்த ரப்பர் பாலை ஷீட்டாக்க ரோலரில் கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்மோடு வந்து மறுபக்கம் நின்றாய். ஷீட் வரவர நுனியைப் பிடித்து இழுத்தாய். பாவாடையெல்லாம் தண்ணீர். "தள்ளி நில்லு, நனையுது" என்றேன். அவ்வளவுதான் வசனம்.

உன் டைரக்டர் இதற்கு ஒத்துக்கொள்வாரா தெரியாது. விளம்பரம் போக 20 சொச்சம் நிமிடத்தில் ரோலர் சத்தத்தை யார் கேட்பார்கள்? ஆனாலும் எழுதிக் கொடுத்துப் பார். தக்கலையில் என்ன வேலை என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு அம்மா சண்டைக்கு வருகிறாள். பதினாறு நாள் இல்லையாம், பதினொன்றாம். இடையில் நின்று பேசியவள் அவள்தானே, கணக்கு அவளுக்குத்தான் தெரியும்.

அப்பா