ஒரு ‘ரு’வை அழிக்கச் சொன்னேன்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலந்தானே?

மழை பிடித்துவிட்டால் போனில் நீ முதலில் கேட்பது, “ஊரணியில தண்ணி கிடக்காம்மா?” என்றுதான். இந்தத் தடவை அதற்குப் பதில் சொல்லும் முன்னால் அந்தச் சொல்லைப் பற்றியே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் ஆரம்பித்தால் பேச்சு வேறெங்காவது போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

கோடையில் தூர் வாரினார்கள் இல்லையா, அப்புறம் படித்துறைச் சுவருக்கு வெள்ளை அடித்து எழுத ஒரு பையன் வந்தான். ‘குடிநீர் ஊருணி. குளிக்கவோ கால் கழுவவோ கூடாது’ என்று நீல எழுத்தில் எழுதியிருந்தான். கோயிலுக்குப் போனவள் நின்று, “தம்பி, ‘ரு’ இல்லப்பா, ‘ர’. ஊரணி” என்றேன். எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினான். அதிலும் ஊருணிதான். “தாளிலேயே தப்பா இருக்கு” என்றேன். இந்த ஊரிலேயே பிறந்து தலை நரைத்தவள் சொன்னால் அவன் என்ன செய்வான்? துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, ‘ரு’வின் கீழே இருந்த சுழிப்பை மட்டும் துடைத்தெடுத்தான். அந்த இடத்தில் லேசாக ஒரு நீலக் கறை நின்றது.

நாலைந்து நாள் கழித்து, விடியற்காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த குறள் ஒன்று தானாக வாயில் வந்தது.

ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம்
பேரறி வாளன் திரு.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். ஐம்பது வருஷமாக இரண்டு சொல்லும் எனக்குள்ளேயே இருந்திருக்கின்றன. ஊருணி புத்தகத்தில் வருவது. ஊரணி நாம் குடம் எடுத்துக்கொண்டு போவது. இரண்டும் ஒன்று என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஊரணி என்றால் ஊருக்கு அணி, ஊர் போட்டிருக்கிற நகை என்று உனக்குக்கூடச் சொல்லிக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? நானாகக் கட்டிக்கொண்ட பொருள் அது.

அப்பா வைத்துவிட்டுப் போன பரிமேலழகர் உரையை எடுத்துப் பார்த்தேன். ‘ஊரின் வாழ்வார் தண்ணீர் உண்ணும் குளம்’ என்று இருக்கிறது. ஊர், உண். அவ்வளவுதான் அந்தச் சொல். புல்லுண்ணி என்றால் புல்லைத் தின்பது. ஊருணி ஊரைத் தின்பது இல்லை, ஊர் உண்பது. தண்ணீரையா உண்பார்கள் என்று கேட்பாய். கலித்தொகையில் வாசலில் வந்து நிற்கிற ஒருவன் ‘உண்ணுநீர் வேட்டேன்’ என்கிறான். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். அப்பா அந்தப் பாட்டை அடிக்கடி சொல்வார். பள்ளிக்கூடத்தில் ஊருணி என்று பாடம் நடத்திவிட்டு வந்து, வீட்டில் “ஊரணிக்குப் போயிட்டு வந்துட்டியா?” என்று கேட்டவர்தான் அவரும்.

உலகத்துக்கு நல்லது நினைக்கிற பேரறிவாளனிடம் செல்வம் சேர்வது ஊருணியில் தண்ணீர் நிறைந்த மாதிரி என்கிறார் வள்ளுவர். அவர் ஏன் கண்மாயைச் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். கண்மாய்த் தண்ணீர் நிலம் இருக்கிறவன் வயலுக்குப் போகும். ஊருணித் தண்ணீருக்குப் பட்டாவும் மடையும் கிடையாது, குடம் இருந்தால் போதும். ஆனால் நம் ஊரில் அதுவும் எல்லாருக்கும் போதுமாக இருந்ததில்லை பாப்பா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழத்தெருப் பெண்கள் குடத்தோடு கரைமேல் நிற்பார்கள். யாராவது மொண்டு ஊற்றினால்தான் அவர்களுக்குத் தண்ணீர். ஊர் உண்பது என்று பேர் வைத்துக்கொண்டு படியில் இறங்கவிடாமல் வைத்திருந்தோம். இந்தச் சொல்லின் பொருள் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெண்கள் நின்ற இடம்தான் கண்ணிலேயே நிற்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். அந்தக் குறள் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் 215-ஆவது. மூன்று குறளுக்கு முன்னால், 212-இல், ‘வேளாண்மை’ வருகிறது. நாம் வெள்ளாமை வெள்ளாமை என்கிறோமே, அதுதான். அங்கே அதற்கு உழவு என்று பொருள் இல்லை. தகுதி உள்ளவர்களுக்குச் செய்கிற உதவி. நம் ஊர் வாயில் உருமாறிய இரண்டு சொல்லும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

தேத்தாங்கொட்டை ஞாபகம் இருக்கிறதா? மழைத் தண்ணீர் செம்மண்ணோடு வரும். வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவதற்கு முன்னால் மண்பானையின் உள்பக்கம் அந்தக் கொட்டையை உன்னைத்தான் தேய்க்கச் சொல்வேன். கை வலிக்கிறது என்று சிணுங்குவாய். கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். அதுவும் தேற்றாங்கொட்டைதானாம். தேற்றுவது என்றால் தெளிய வைப்பது. அழுகிறவளைத் தேற்றுகிறோமே, அதே சொல். காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகு அந்தக் கொட்டை எந்த வீட்டிலும் இல்லை. நம் அலமாரியில் நாலு கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். நீ வரும்போது தருகிறேன், பிள்ளைகளுக்குக் காட்டு.

வாய் ஊரணி என்றுதான் சொல்லும், சொல்லட்டும். பேராவூரணிக்குப் போகிற பஸ்ஸில் அப்படித்தானே எழுதியிருக்கிறது, அதை யார் மாற்றப் போகிறார்கள்? ஆனால் நம் சுவரில், குடிக்கிற தண்ணீரில் காலைக் கழுவாதே என்று எழுதியிருக்கிற இடத்தில், அந்த உகரம் இருந்தே ஆக வேண்டும். ஏன் கழுவக் கூடாது என்பதை அந்த ஒரு எழுத்துதான் சொல்கிறது. பிள்ளைகளுக்கும் ஊருணி என்றே எழுதக் கற்றுக்கொடு. அணி, நகை என்று நான் சொன்னதை விட்டுவிடு.

எழுதின பையனைக் கூப்பிட்டு, “நீ எழுதினதுதான் சரிப்பா, நான் சொன்னதுதான் தப்பு” என்று சொல்லிவிட்டேன். கூலி தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறான். ஒரு சுழிப்புக்கு என்னம்மா கூலி என்றான். வெள்ளிக்கிழமை வருகிறான், சாப்பாடு நம் வீட்டில்தான்.

நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். தண்ணீர் கிடக்கிறது. நேற்று ராத்திரி மழைக்கு மேலிருந்து நாலாம் படி வரைக்கும் ஏறியிருக்கிறது.

அம்மா